முப்பது உயிரும் ஐம்பது ஃபிரேமும்

பூச்சோங்கில் இருக்கும் ஒரு தம்பி கேட்கிறார்: “எனக்கு 43 வயது. வளர்ந்தது உங்கள் ஊர்ப் பக்கத் தோட்டத்தில்தான். சின்ன வயதில் மைக்ரோ ஜீனியஸ் வீடியோ கேம் பெட்டியில் அண்ணனோடு சேர்ந்து கொன்ட்ரா என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை எத்தனையோ தடவை முடித்திருக்கிறேன். இந்தப் பள்ளி விடுமுறையில் மகனுக்குக் காட்டலாம் என்று நிண்டெண்டோ சுவிட்ச் பெட்டியில் பழைய கொன்ட்ரா தொகுப்பை வாங்கிப் போட்டேன். முதல் கட்டத்துச் சுவரைத் தாண்டுவதற்குள் மூன்று உயிரும் போய்விட்டது. மகன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். எனக்கு வயதாகிவிட்டதா, டிவி கோளாறா, இல்லை விளையாட்டையே கடினமாக்கிவிட்டார்களா?”

விளையாட்டில் யாரும் கை வைக்கவில்லை தம்பி. ஆனால் நீங்கள் அன்று முடித்த கொன்ட்ரா வேறு, இன்று மகன் முன்னால் தோற்ற கொன்ட்ரா வேறு. குழப்பமாக இருக்கிறதா? கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும். ஒரு தே தாரிக் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

நான் பத்தாங் பெர்ஜுந்தையில் டிவி, ரேடியோ பழுது பார்க்கிறவன். 2007-இல் ஊர்ப் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டது, ஆனால் தோட்டத்து ஆட்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். உங்கள் விளையாட்டுக்கும் அந்தக் கதை உண்டு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கொன்ட்ரா. ஐரோப்பாவில் கணினிக்கு வந்தபோது கிரைசர். அங்கேயே நிண்டெண்டோவுக்கு வந்தபோது புரோபொடெக்டர். ஜெர்மனியில் சிறுவர்களுக்கான விதிகள் கெடுபிடியாக இருந்ததால், அந்த ஐரோப்பியப் பதிப்பில் மனிதர்களை எடுத்துவிட்டு ரோபோக்களை ஓடவிட்டார்கள். நல்லவேளை, நமக்கு வந்தது சட்டை போடாத மனிதர்கள்தான்.

முதலில் அடிப்படை விஷயம். கொனாமி நிறுவனம் 1987-இல் கொன்ட்ராவைக் காசு போட்டு ஆடும் மெஷினுக்காகச் செய்தது. அந்த மெஷினின் திரை நெட்டுக்குத்தாக இருக்கும். 1988-இல் வீட்டுப் பெட்டிக்குக் கொண்டுவந்தபோது திரை படுக்கைவசம் என்பதால் கட்டங்களை ஏறக்குறைய புதிதாகவே கட்டினார்கள். என் கணக்கில் மெஷினைவிட வீட்டுப் பதிப்புதான் நல்ல விளையாட்டு. மொத்தம் 8 கட்டம்: காடு, முதல் தளம், அருவி, இரண்டாம் தளம், பனிவெளி, தீ கக்கும் ஆலை, கிடங்கு, கடைசியில் அந்த வேற்றுக்கிரகப் பிராணியின் குகை. கேசட்டுக்குள் இருந்த மொத்தச் சரக்கு 128 கிலோபைட். இன்று நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ‘காலை வணக்கம்’ படம் அதைவிடப் பெரிதாக இருக்கும். கை தேறிய ஒருவர் கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார். கால் மணி நேரச் சரக்கைக் கொண்டு ஒரு பிள்ளையை மாதக்கணக்கில் உட்காரவைக்க வேண்டுமானால் என்ன செய்வது? ஒரே குண்டில் சாகடிக்க வேண்டியதுதான். அந்தக் கடுமை வேண்டுமென்றே வைத்தது.

சரி, பெட்டிக்கு வருவோம்.

ஜப்பானில் நிண்டெண்டோ 1983-இல் விட்ட ஃபேமிகாம் பெட்டி விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடும். அந்த நாட்டு டிவி முறை அப்படி. கொன்ட்ராவைச் செய்தவர்களும் அந்த 60-ஐ மனதில் வைத்துத்தான் செய்தார்கள். அக்காலத்து விளையாட்டுகளுக்கு நம் கைக்கடிகார நேரம் தெரியாது. ஒரு ஃபிரேமுக்கு இத்தனை புள்ளி குண்டு நகர வேண்டும், இத்தனை ஃபிரேமுக்கு ஒருமுறை அடுத்த ஆள் ஓடிவர வேண்டும் என்று எல்லாமே ஃபிரேம் கணக்கு. மலேசியாவில் நம் டிவியெல்லாம் பால் முறை, விநாடிக்கு 50. இந்தப் ‘பால்’ கித்தா மரத்துப் பால் இல்லை, டிவி ஒளிபரப்பு முறையின் பெயர். உங்கள் மைக்ரோ ஜீனியஸ் மாதிரி, ஃபேமிகாமைப் பார்த்துச் செய்து தைவான் பக்கத்தில் இருந்து இங்கே வந்த நகல் பெட்டிகளின் உள்ளே, நம் டிவிக்குப் பொருந்துமாறு 50 ஃபிரேம் ஓடும் சிப் இருந்தது. கேசட்டில் இருந்ததோ 60-க்கு எழுதிய அதே விளையாட்டு. பிறகென்ன, எல்லாம் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். ஜப்பான் பையன் ஒரு நிமிடத்தில் கடந்த காட்டை நாம் 72 விநாடியில் கடந்தோம்.

இது புத்தகத்தில் படித்து மட்டும் சொல்வதில்லை. சில வருடங்களுக்கு முன்னால் ஒருவர் தன் அப்பா வீட்டு மச்சில் கிடந்த பெட்டியைத் தூசியோடு கொண்டுவந்தார். சரிசெய்து ஓடவிட்டு, பக்கத்தில் இன்னொரு டிவியில் 60-இல் ஓடும் கொன்ட்ராவை வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கினேன். முதல் பாலம் வருவதற்குள்ளேயே இரண்டும் பிரிந்துவிட்டன. ஆளைவிட இசையில்தான் நன்றாகத் தெரிந்தது. சுருதி ஏறக்குறைய ஒன்றுதான், தாளம்தான் வேறு. அந்த மெதுவான தாளம்தான் என் காதில் இத்தனை வருடம் ‘சரியான’ கொன்ட்ரா. நீங்களும் சுவிட்சில் போட்டதும் “பாட்டு ஏன் இப்படி அவசரப்படுகிறது” என்று ஒரு கணம் நினைத்திருப்பீர்கள்.

தோட்டத்தில் கரண்டு மந்தமாக இருந்ததால்தான் மெதுவாக ஓடியது என்று ஒரு பேச்சு அப்போதே உண்டு. எங்கள் லயத்திலும் ஒரு காலத்தில் மாலையில் மட்டும் ஜெனரேட்டர் ஓடும், விளக்கு அழுது வடியும். ஆனால் கரண்டு மந்தமானால் டிவிப் படம்தான் நாலு பக்கமும் சுருங்கும், விளையாட்டின் வேகம் மாறாது. வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்னக் குவார்ட்ஸ் படிகம். அது ஜெனரேட்டர் டீசலைப் பற்றிக் கவலைப்படாது. இதையும் சொல்லிவிடுகிறேன்: “கேம் விளையாடினால் டிவி டியூப் போய்விடும்” என்று உங்கள் அப்பாவும் என் அப்பாவும் விரட்டினார்களே, அதுவும் சரியில்லை. ஒரே படத்தை அசையாமல் நாள்கணக்கில் விட்டால் திரையில் தழும்பு விழும், அவ்வளவுதான். நாம் எங்கே அசையாமல் விட்டோம்?

இப்போது உயிர்க் கணக்கு. உங்கள் கேசட்டில் கொன்ட்ரா மட்டும் தனியாக இருந்ததா, இல்லை நூறு, ஆயிரம் என்று எண் போட்ட கூட்டுக் கேசட்டா? பாசார் மாலாமில் வாங்கியது என்றால் பெரும்பாலும் கூட்டுக் கேசட்தான். எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உள்ளே பத்திருபது விளையாட்டுதான் சுற்றிச் சுற்றி வரும். அதே கொன்ட்ரா நான்கைந்து தடவை வேறு வேறு பெயரில் இருக்கும். ஒன்றில் 30 உயிர், ஒன்றில் நேராக அருவியில் தொடக்கம், ஒன்றில் முதலிலேயே கையில், ஒரே சமயத்தில் ஐந்து குண்டு விசிறும் எஸ் துப்பாக்கி. திருட்டுக் கேசட் செய்தவர்கள் பட்டியலை நிரப்ப எடுத்த குறுக்குவழி அது. நமக்கு வரப்பிரசாதம். அசல் கேசட்டை நேர்வழியில் தொடங்கினால் 3 உயிர், அது தீர்ந்தால் மூன்று முறை தொடரலாம், அதோடு சரி. நீங்கள் சுவிட்சில் போட்டது அந்த அசல்.

கூட்டுக் கேசட் இல்லாதவர்களுக்கு 30 உயிர் தரும் ரகசியக் குறி இருந்தது. தலைப்புத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ, பிறகு ஸ்டார்ட். இருவர் ஆடுவதாக இருந்தால் ஸ்டார்ட்டுக்கு முன்னால் ஒரு செலக்ட். கிள்ளானில் இருந்து தீபாவளிக்கு வந்த என் அத்தை மகன்தான் இதை எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்தான். லேசில் சொல்லவில்லை. இரண்டு நாள் முறுக்கும் என் மூன்று கோலியும் வாங்கிக்கொண்டுதான் சொன்னான். அப்போதும் பி-யா ஏ-யா எது முதலில் என்பதை மட்டும் மறைத்துவிட்டான். அதை நாங்களே அழுத்திப் பார்த்துக் கண்டுபிடித்தோம்.

அந்தக் குறியை உண்டாக்கியவர் கசுஹிசா ஹஷிமோதோ என்ற கொனாமிக்காரர். கிரேடியஸ் என்ற விண்வெளி விளையாட்டை வீட்டுப் பெட்டிக்கு மாற்றும் வேலையில் இருந்தார். 1986-இல் வெளியான விளையாட்டு அது. வேலை சரியாக வந்திருக்கிறதா என்று கடைசி வரை ஆடிப் பார்க்க வேண்டும், அவருக்கோ அது ரொம்பக் கடினமாக இருந்தது. அதனால் தனக்காக ஒரு சலுகையை உள்ளே வைத்தார், அது அப்படியே கேசட்டில் தங்கிவிட்டது. அதாவது விளையாட்டைச் செய்தவருக்கே அதை முடிக்க முடியவில்லை. மகன் சிரிக்கும்போது இதைச் சொல்லுங்கள்.

ஹஷிமோதோ 2020 பிப்ரவரியில் இறந்துபோனார். அடுத்த மாதம் 18-ஆம் தேதி நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை. சின்ன வயதில் நாலு பேர் முன்னால் “கொன்ட்ராவா, நான் கண்ணை மூடிக்கொண்டு முடிப்பேன்” என்று பேசியவன் நான். குறி இல்லாமல், மூன்று உயிரில், 60 ஃபிரேமில் ஒருமுறையாவது முடித்திருக்கிறேனா? இல்லை. ஒருமுறைகூட இல்லை. அன்று தொடங்கியது. முதல் வாரம் முழுக்க நீங்கள் நிற்கும் அதே சுவர். மனைவி “கடை திறந்திருந்தாலே தேவலாம்” என்றாள். ஏழு வாரம் பிடித்தது.

அந்த ஏழு வாரத்தில் கற்றதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்களிடம் இல்லாமல் போன இன்னும் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, டர்போ பொத்தான். அசல் கன்ட்ரோலரில் ஏ, பி இரண்டுதான். நம் பெட்டியோடு வந்த கன்ட்ரோலரில் அவற்றுக்கு மேல் இன்னும் இரண்டு இருந்தது ஞாபகமா? அதை அழுத்திப் பிடித்தால் போதும், விநாடிக்குப் பல முறை தானே சுடும். சுவரின் சிவப்பு மையத்தை நாம் உடைத்த வேகம் நம் கட்டைவிரல் வேகம் இல்லை. இன்று நீங்கள் ஒவ்வொரு குண்டுக்கும் தனித்தனியாக அழுத்துகிறீர்கள். டர்போவால் கெட்டது ஒன்றே ஒன்று, எல் துப்பாக்கி. லேசர் பாய்ந்துகொண்டிருக்கும்போது மறுபடி அழுத்தினால் பழைய கதிர் மறைந்து புதிது துப்பாக்கி முனையில் இருந்து கிளம்பும். டர்போவை அழுத்திப் பிடித்தால் கதிர் மூக்கை விட்டுத் தாண்டாது. அதனால்தான் நம் பக்கத்தில் எல் என்றால் எல்லோரும் தெறித்து ஓடினார்கள். அது அவ்வளவு மோசமான ஆயுதம் இல்லை. நாம் அழுத்தியதுதான் தப்பு. ஆனாலும் எஸ் கையில் இருக்கும்போது எல்-ஐ எடுக்காதீர்கள்.

அடுத்தது டிவி. இது என் தொழில், அதனால் அடித்துச் சொல்வேன். பழைய குண்டு டிவியில் பொத்தானை அழுத்தினால் படம் உடனே எழும், நடுவில் யோசிக்க ஒன்றுமில்லை. இன்றைய தட்டை டிவி வருகிற படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றி, அப்புறம்தான் காட்டும். சில டிவிகளில் அதற்கு 50 மில்லிவிநாடிக்கு மேலேயே ஆகும். 60-இல் ஒரு ஃபிரேம் என்பது ஏறக்குறைய 17 மில்லிவிநாடி. அப்படியானால் நீங்கள் குண்டைப் பார்க்கும்போது அது உண்மையில் மூன்று ஃபிரேம் முன்னால் போய்விட்டது. உதாரணத்துக்கு, ஒரு குண்டு உங்களிடம் வந்து சேர 30 ஃபிரேம் என்று வைத்துக்கொள்வோம். அன்று உங்களுக்குக் கிடைத்தது 0.6 விநாடி. இன்று 0.5. அதிலும் டிவி 0.05-ஐத் தின்றால் மிச்சம் 0.45. நாலில் ஒரு பங்கு நேரம் காணோம். 43 வயதில் கை கொஞ்சம் தாமதிக்கும்தான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தாமதம் இந்தக் கணக்கில் சின்னப் பங்கு. டிவி மெனுவில் ‘கேம் மோட்’ என்று இருக்கும், அதைப் போடுங்கள். இன்றே போடுங்கள், மகன் பார்க்காத நேரத்தில்.

கடைசியாக, அண்ணன். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: “அண்ணனோடு சேர்ந்து.” இருவர் ஆடும்போது ஆளுக்கு 30, மொத்தம் 60 உயிர். முன்னால் ஓடி அடி வாங்க ஒருவன், பின்னால் நின்று எஸ்-ஐக் காப்பாற்ற ஒருவன். உங்கள் வீட்டில் யார் முன்னால் ஓடினார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் பொதுவாகத் தம்பிதான் ஓடுவான், எஸ்-ஐ அண்ணன் எடுப்பான். நீலக் கால்சட்டை பில், சிவப்பு லான்ஸ். எங்கள் தோட்டத்தில் அந்தப் பெயரெல்லாம் யாருக்குத் தெரியும், ‘நீலம்’, ‘சிவப்பு’ அவ்வளவுதான். அருவிக் கட்டம்தான் உறவைச் சோதிக்கும் இடம். மேலே ஏறுகிறவன் ஏறினால் திரையும் கூடவே ஏறும், கீழே மாட்டிக்கொண்டவன் திரைக்கு வெளியே விழுந்து சாவான். “மெதுவா ஏறுடா” என்ற அலறல் லயத்துக் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். ஒருமுறை என் கூட்டாளியை நான் இப்படி ஆறு தடவை கொன்றுவிட்டேன். அவன் கன்ட்ரோலர் வயரைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போய் ரம்புத்தான் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். அவன் அம்மா வந்து இரண்டு பேருக்கும் சேர்த்து நாலு வைத்தார்.

இருவராக ஆடுவதில் ஒரு சங்கடமும் உண்டு. அந்தப் பெட்டி ஒரே கிடைக்கோட்டில் 8 உருவத் துண்டுக்கு மேல் வரையாது. இரண்டு பேரும் எஸ் வைத்துக்கொண்டு விசிறி விசிறி அடித்தால் குண்டுகள் மினுக்கி மினுக்கி மறையும். எதிரியின் குண்டும் அதில் சேர்ந்து மறையும். “குண்டே இல்லாமல் செத்தேன்” என்று நாம் சத்தியம் செய்தது பொய் இல்லை.

1996 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. எனக்கு 17 வயது. கடைத்தெருவில் ஒரு வீடியோ கடையின் பின்பக்கம், மணிக்கு ஒரு வெள்ளி கொடுத்து ஆடும் இடம். நானும் அதே கூட்டாளியும் குகைக் கட்டத்தின் கடைசியில், அந்தத் துடிக்கும் இதயத்துக்கு முன்னால் நிற்கிறோம். என்னிடம் எஸ், அவனிடம் இரண்டு உயிர். ஐந்து மணி தாண்டியிருக்கும். படம் சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்தது. ஃப்யூஸ் என்று நினைத்து ஓடிப் பார்த்தால் பக்கத்துக் கடையிலும் இல்லை, எதிர் வரிசையிலும் இல்லை. பிறகுதான் தெரிந்தது, தீபகற்பம் முழுவதும் கரண்டு போய்விட்டது. ஜொகூரில் இருந்து வடக்கு வரை அத்தனை பேருக்கும் ஒவ்வொரு இழப்பு இருந்திருக்கும். எனக்கு அந்த இதயம். கடைக்காரர் அந்த ஒரு வெள்ளியைத் திருப்பித் தரவில்லை.

சரி, இப்போது ஏழு வாரப் பாடம்.

காட்டில் பாலம் வெடித்து ஆற்றில் விழுந்தால் பதறாதீர்கள், தண்ணீர் கொல்லாது. தண்ணீரில் இருக்கும்போது கீழ்ப் பொத்தானை அழுத்தினால் ஆள் முங்கிவிடுவான். முங்கியிருக்கும் வரை எந்தக் குண்டும் படாது, நீங்களும் சுட முடியாது. இதைத் தெரியாமலேயே என் சிறுவயது போய்விட்டது. நிலத்தில் ஓரிடத்தில் நின்று “எல்லாரையும் கொன்றுவிட்டுப் போவோம்” என்று நினைக்காதீர்கள். ஓடிவரும் சிப்பாய்கள் தீரவே மாட்டார்கள், நிற்க நிற்க இரு பக்கமும் வந்துகொண்டேதான் இருப்பார்கள். முன்னால் போவதுதான் பாதுகாப்பு. நம் புத்திக்கு இது நேர் எதிராகத் தோன்றும், ஏழு வாரத்தில் பாதி இதைக் கைக்குப் புரியவைப்பதில்தான் போனது.

எதிரியின் சாதாரணத் துப்பாக்கிக் குண்டு உங்களைத் துரத்தாது. புறப்பட்ட நேரத்தில் எந்தத் திசையோ அந்தத் திசையில்தான் போகும். ஆகவே குண்டைப் பார்த்ததும் குதிப்பது வேண்டாம். எங்கே போகிறது என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் நகருங்கள். நாம் செத்ததில் பாதி, சும்மா நின்றிருந்தால் படாத குண்டில் போய்க் குதித்துச் செத்தது. குதித்துவிட்டாலும் காற்றில் திரும்பலாம். அந்தரத்தில் இடம் வலம் மாற்ற இந்த விளையாட்டு விடும், அதை உபயோகியுங்கள்.

துப்பாக்கியைப் பற்றி ஒன்று. ஒரே நேரத்தில் திரையில் உங்கள் குண்டு இத்தனைதான் இருக்கலாம் என்று கணக்கு உண்டு. தூரத்தில் இருந்து சுட்டால் முதல் குண்டுகள் போய்ச் சேரும் வரை அடுத்தது கிளம்பாது. நெருங்கிச் சுட்டால் உடனே பட்டு உடனே அடுத்தது வரும். எஸ்-இன் ஐந்து குண்டும் விரிவதற்கு முன்னால் ஒரே இடத்தில் பாயும். உங்கள் சுவருக்கு வருகிறேன். மேலே ஒளிந்து நிற்கும் துப்பாக்கிக்காரனை முதலில் முடியுங்கள். சுவர் முழுவதையும் உடைக்க வேண்டாம், கீழே இருக்கும் சிவப்பு மையம் போனாலே சுவர் விழும். ஆனால் அங்கே போகும்போது கையில் எஸ் இருக்க வேண்டும். காட்டிலேயே அது கிடைக்கும், அதை எடுத்த பிறகு சாகாமல் சுவர் வரை போவதுதான் முதல் கட்டத்தின் உண்மையான சோதனை. செத்தால் துப்பாக்கியும் போய்விடும் அல்லவா. வெறும் துப்பாக்கியோடு நின்றால் இன்னொரு முறை சாவது நிச்சயம். 30 உயிர் இருந்தபோது நமக்கு இந்தப் பாடம் உறைக்கவே இல்லை.

தளக் கட்டங்களில் எதிரில் இருக்கும் மின்கம்பிக்குள் அவசரமாக மேல் பொத்தானை அழுத்தினால் ஷாக் அடித்து ஆள் உறைவான். கம்பி கொல்லாது, உறைந்து நிற்கும்போது வரும் குண்டுதான் கொல்லும். கிடங்கில் மேலிருந்து இறங்கும் கொக்கிகளுக்கு ஒரு தாளம் உண்டு. அதை எண்ணிக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான், குறுக்குவழி இல்லை. பனிவெளி எனக்குப் பிடித்த கட்டம், ஆனால் சொல்லிக்கொடுக்கப் பெரிதாக ஒன்றுமில்லை.

பனி என்றதும் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பெட்டியில் அந்தக் கட்டத்தில் பனி கொட்டியதா? ஜப்பான் கேசட்டில் கொனாமியின் தனிச் சிப் ஒன்று இருந்தது. அதனால் காட்டில் மரங்கள் காற்றில் ஆடும், பனிவெளியில் பனி வீசும், கட்டங்களுக்கு நடுவில் வரைபடம் வரும். அமெரிக்கக் கேசட்டில் அந்தச் சிப் இல்லை, எல்லாம் அசையாமல் நிற்கும். நம் ஊர்ச் சந்தையில் இரண்டு வகையும் கலந்துதான் வந்தது. கூட்டாளி ஒருவன் பனி கொட்டியதைப் பார்த்தேன் என்று சொன்னபோது அவனைப் பொய்யன் என்று ஒரு வருடம் கேலி செய்தோம். நீங்கள் வாங்கிய தொகுப்பில், 2019-இல் வந்த ஆண்டுநிறைவுத் தொகுப்பு அது என்றால், ஜப்பான் பதிப்பும் உள்ளே இருக்கிறது. மகனுக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள், பார்க்க இன்னும் அழகு. கதையும் இரண்டில் வேறு. அமெரிக்கக் கையேட்டில் இந்தக் காலத்துத் தென்னமெரிக்கக் காடு. ஜப்பானில் 2633-ஆம் ஆண்டு, நியூசிலாந்துப் பக்கத்தில் உள்ள கற்பனைத் தீவுக்கூட்டம். நமக்கு அது எப்போதும் செம்பனைக்குப் பின்னால் இருக்கும் காடாகத்தான் இருந்தது.

அதே தொகுப்பில் ஆட்டத்தை நடுவில் சேமிக்கும் வசதி இருக்கிறது. கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள், ஆனால் கட்டத்தின் தொடக்கத்தில் மட்டும். ஒவ்வொரு குதிப்புக்கும் சேமித்தால் கை ஒன்றும் கற்காது. சூப்பர் சி என்ற அடுத்த பாகமும் அதில் உண்டு. அங்கே நம் குறி வேலை செய்யாது. வலம், இடம், கீழ், மேல், ஏ, பி, ஸ்டார்ட், 10 உயிர். முப்பதில் இருந்து பத்தாகக் குறைத்துவிட்டார்கள், கஞ்சர்கள். 2024-இல் முதல் பாகத்தையே புதிதாகச் செய்து ஒன்று விட்டார்கள். மகன் அதைக் கேட்டால் வாங்கிக் கொடுங்கள், எனக்கு ஒட்டவில்லை.

மகனோடு தொடங்கும்போது இருவர் ஆட்டத்தைப் போடுங்கள், குறியையும் அழுத்துங்கள். எஸ்-ஐ அவனிடம் விட்டுவிடுங்கள். அருவியில் மெதுவாக ஏறுங்கள்.

உங்கள் அண்ணன் வீட்டில் அந்தப் பழைய பெட்டி இன்னும் கிடந்தால் ஒரு வேண்டுகோள். ஆசையில் அப்படியே கரண்டில் செருகிவிடாதீர்கள். அசல் அடாப்டர் தொலைந்து, வீட்டில் கிடக்கும் வேறு அடாப்டரைப் போட்டு, பிளஸ் மைனஸ் மாறிப்போய்க் கருகிய பெட்டிகள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. கேசட்டையும் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பட்டுப் பட்டுத்தான் செம்பு பச்சை பிடிக்கிறது. பென்சில் அழிக்கும் ரப்பரால் பல்லை மெல்லத் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் போதும். இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வரும்போது கொண்டுவாருங்கள், குண்டு டிவி ஒன்றைப் பின்னறையில் வைத்திருக்கிறேன். திங்கள் மட்டும் கடை இல்லை.